பாதை நீளும், பெயர் குறுகும்: கோப்புறைகளை விரைந்தடையும் வழிகளின் வரலாறு

ஆய்வாளர் ஒருவரின் கணினியில் ஆயிரக்கணக்கான கோப்புறைகள் இருக்கக்கூடும். ஆயினும் அவர் நாள்தோறும் சென்று திரும்புவது ஐந்து அல்லது ஆறு இடங்களுக்கே: எழுதிக்கொண்டிருக்கும் இயல், களப்பணி ஒலிப்பதிவுகள், அவற்றின் படியெடுப்பு, சொல்லடைவு, மேற்கோள் பட்டியல். இந்த ஐந்தாறு இடங்களும் பெரும்பாலும் கிளைகளின் ஆழத்தில் அமைந்திருக்கும். உரைதிருத்தியைத் திறந்த ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து படிப்படியாக இறங்கி அவற்றை அடைய வேண்டியிருந்தால் சிந்தனையின் தொடர்ச்சி அறுபடும். இந்தச் சிறிய இடரைக் களைவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் உழைத்திருக்கின்றனர். அவ்வரலாறு கணிப்பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. பெயரிடுதல், சுட்டுதல், சுருக்குதல் என்னும் மூன்று மொழிச் செயல்களும் அதில் அடங்கியுள்ளன. மொழியியல் பயில்வோரும் தமிழ்த்தரவுகளைத் தொகுப்போரும் அதை அறிந்துகொள்வதால் பயன் உண்டு என்று கருதியே இந்த நீண்ட பதிவை எழுதுகிறேன்.

1. மரூஉ

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்து, இயல்பு வழக்கினுள் மரூஉவை ஒரு வகையாக வைக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆவதும், கோயம்புத்தூர் கோவை ஆவதும், திருநெல்வேலி நெல்லை ஆவதும் பள்ளி மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். பவணந்தியார் இதைப் பிழை என ஒதுக்கவில்லை. இயல்பு என்றே கொண்டார். நாவில் அடிக்கடி புழங்கும் பெயர் தேயும் என்பது அதன் உட்பொருள். அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1935-இல் வெளியிட்ட நூலில் இதையே புள்ளியியல் நோக்கில் நிறுவ முயன்றார். மிகுதியாகப் பயிலும் சொற்கள் குறுகியவையாகவும் அரிதாகப் பயில்பவை நீண்டவையாகவும் இருக்கும் போக்கு பல மொழிகளில் காணப்படுகிறது.

மும்பைத் தமிழரின் இடப்பெயர் வழக்கு இதற்கு நல்ல சான்று. தாராவியின் 90 அடி சாலை பேச்சில் ‘சாலை’ என்னும் சொல்லை இழந்து வெறும் அளவாகவே நிற்கிறது. ஹார்பர் தடத்தில் குர்லாவை ஒட்டிய நிலையத்தின் பெயர் மராத்தியில் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள்படும். தமிழ் நாவில் அது சுனாபட்டி ஆயிற்று. மொழிமுதல் ஒலி சகரமாக மெலிந்தது. மூச்சொலியுடைய பகரம் தமிழ்ப் பகரத்துள் அடங்கிற்று. சூளையைக் குறித்த இரண்டாம் உறுப்பு, கோவில்பட்டியையும் உசிலம்பட்டியையும் அறிந்த தென்மாவட்டத்துக் காதுக்கு ஓர் ஊரீறு போலவே ஒலிக்கிறது. பெயர் எளிதாயிற்று, பொருள் மறைந்தது. சுருக்கத்தின் இவ்விரு விளைவுகளையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். கணினிக்குள்ளும் இவற்றையே காணப்போகிறோம்.

கணினியின் பாதைப்பெயர் ஜிஃப் கண்ட போக்குக்கு மாறானது. ஆய்வு/களப்பணி/மும்பை/சுனாபட்டி/2023/படியெடுப்பு என்னும் பாதை நீண்டிருப்பதற்குக் காரணம் வகைப்பாட்டில் அதன் இடமே. பயன்பாட்டின் அளவு அங்கே கணக்கில் வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கோப்புறையும் நாளைக்கு ஐம்பது முறை திறக்கும் கோப்புறையும் ஒரே ஆழத்தில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே உழைப்புத் தேவைப்படும். விரைவு வழிகள் அனைத்தும் இப்பொருத்தமின்மையைச் சரிசெய்ய எழுந்தவை. ஒரு வகையில் அவை கணினிக்குள் மரூஉவைக் கொண்டுவரும் முயற்சிகள்.

தமிழ்ப் புலமை மரபு இச்சிக்கலை முன்பே அறிந்திருந்தது. தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்திற்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பாக்கள் என்னும் கிளையமைப்பை உடையது. ‘தொல். சொல். கிளவி. 1’ என்று நாம் அடிக்குறிப்பில் எழுதுவது ஒரு முழுப்பாதை. அதன் ஒவ்வோர் உறுப்பும் தேய்ந்திருக்கிறது; எனினும் படிநிலை சிதையவில்லை. வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு போன்ற நூல்களோ கிளை வழியே இறங்காமல் வேண்டிய இடத்திற்கு நேரே தாவுவதற்கான வாயில்கள். டைரக்டரி என்பதற்கு ‘அடைவு’ என்னும் கலைச்சொல்லை ஆண்டவர்கள் இத்தொடர்பை எண்ணினரோ இல்லையோ, சொல் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

2. மரத்துக்கு முன்: மும்பையின் அட்டைகளும் எண்களும்

இந்தியாவின் முதல் தலைமுறைக் கணினிகளுள் ஒன்றான டிஃப்ராக் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அக்குழுவை வழிநடத்தினார். முன்மாதிரி 1956-இல் இயங்கத் தொடங்கியது. முழுப்பொறி 1960-இல் செயற்பாட்டுக்கு வந்தது. அதன் காந்தவளைய நினைவகம் 40 துகள் அளவுள்ள 2,048 சொற்களைக் கொண்டது. இன்றைய பொருளில் கோப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை. நரசிம்மன் பின்னாளில் மொழிநடத்தை பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டு 1981-இல் அத்துறையில் நூலொன்றை வெளியிட்டார் என்பதை மொழியியல் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று.

1964-இல் அதே நிறுவனத்திற்கு சி.டி.சி. 3600 கணினி வந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்த ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்தினர். நிரலும் தரவும் துளையிட்ட அட்டைகளில் இருந்தன. அட்டைக்கட்டின் பக்கவாட்டில் பேனாவால் இழுத்த கோடோ, பெட்டியின்மேல் எழுதிய பெயரோதான் அடைவின் வேலையைச் செய்தது. அடிக்கடி வேண்டிய கட்டை மேசையில் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்வர்; பிறவற்றை அலமாரிக்கு அனுப்புவர். விரைவு வழி அன்று உடலுக்கும் மேசைக்கும் இடையிலான தொலைவாக இருந்தது.

1970-களில் அந்நிறுவனத்தின் மென்பொருள் மேம்பாட்டு மையத்தில் டெக் நிறுவனத்தின் பத்தாம் வரிசைக் கணினி நிறுவப்பட்டது. அவ்வரிசைக்குரிய டாப்ஸ்-10 இயங்குதளத்தில் ஒவ்வொரு பயனரின் இடமும் பகர அடைப்புக்குள் இட்ட எண்ணிணையால் அறியப்பட்டது. முதல் எண் திட்டத்தையும் இரண்டாம் எண் நிரலாளரையும் குறிக்கும். எண்ணுக்குப் பொருள் இல்லை. ஆகவே நினைவிற்கும் பிடி இல்லை. அடிக்கடி வேண்டிய பொது இடங்களுக்கு மட்டும் மூன்றெழுத்துப் புனைபெயர்கள் வழங்கப்பட்டன. எண்ணால் ஆன முகவரியின்மேல் நாவிற்கு எளிய ஒரு பெயரைப் போர்த்தும் இந்த உத்தி பிற்கால விரைவு வழிகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம்.

3. மரமும் சுட்டும்

கிளைத்துச் செல்லும் கோப்பமைப்பை மல்டிக்ஸ் திட்டத்திற்காக டேலியும் நியூமனும் 1965-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். பயனர் விரும்பியவாறு அடைவுக்குள் அடைவை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பொருளையும் வேரிலிருந்து தொடங்கும் பாதையாலோ, தான் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதையாலோ சுட்டலாம். மல்டிக்ஸ் பாதைகளில் > என்னும் குறி கீழிறங்குவதையும் < என்னும் குறி மேலேறுவதையும் காட்டின.

மல்டிக்ஸிலிருந்து விலகிய பெல் ஆய்வகத்தில் 1969-இல் யுனிக்ஸ் பிறந்தது. அதன் முதல் வடிவத்தைப் பற்றி டென்னிஸ் ரிட்சி எழுதிய வரலாற்றில் நம் பொருளுக்கு மிக வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. பி.டி.பி.-7 கணினியில் ஓடிய அந்த யுனிக்ஸில் அடைவுகள் இருந்தன, பாதைப்பெயர்கள் இல்லை. கோப்பின் பெயர் எப்போதும் நின்ற இடத்தைச் சார்ந்த தனிப்பெயராகவே இருந்தது. மற்றொருவரின் அடைவிலுள்ள கோப்பு வேண்டுமானால், முதலில் அவ்வடைவுக்கு ஓர் இணைப்பு, பின்னர் அதன்வழி கோப்புக்கு ஓர் இணைப்பு, இறுதியில் முதல் இணைப்பை நீக்குதல் என மூன்று கட்டளைகள் தேவைப்பட்டன. இத்தொல்லையால் உள்ளடைவுகள் நடைமுறையில் பயன்படாமலே போயின என்கிறார் ரிட்சி. வகைப்பாட்டுக்கு வசதி இருந்தும், சென்றடைவது கடினமாக இருந்ததால் எவரும் வகைப்படுத்தவில்லை. செல்லும் வழியின் எளிமையே ஒழுங்கின் ஆழத்தை முடிவு செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பின்னர் சாய்கோட்டால் பிரிக்கப்பட்ட பாதைப்பெயர் வந்தது. 1971-ஆம் ஆண்டு முதற்பதிப்புக் கையேட்டில் இடம்மாறும் கட்டளை ‘சிஎச்டிர்’ என இருந்தது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் காலத்திற்குள் அது ‘சிடி’ என இரண்டெழுத்தாகத் தேய்ந்தது. கட்டளையும் மரூஉவுக்கு விலக்கன்று. இக்கட்டளை ஒருமுறை திடீரெனச் செயலிழந்த கதையையும் ரிட்சி சொல்கிறார். ஒவ்வொரு கட்டளையையும் தனிச் செயலாகப் பிரித்து இயக்கும் முறை புகுத்தப்பட்டபோது, இடம்மாறுதலும் அத்தனிச் செயலுக்குள் நிகழ்ந்து அதனோடு முடிந்துவிட்டது. கட்டளையிட்டவர் நின்ற இடத்திலேயே நின்றார். ‘இங்கே’ என்பது பேசுபவரோடு ஒட்டியது, தூதுவர் சென்று மாற்றிவர இயலாதது என்னும் உண்மை அன்று நிரலாளர்க்குப் புலப்பட்டது. அதன்பின் அக்கட்டளை பயனர் பேசும் ஷெல்லுக்குள்ளேயே வைக்கப்பட்டது.

இது சுட்டுப்பொருளின் இலக்கணம். தொல்காப்பியம் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என்கிறது. சேய்மை, அண்மை, இடைமை என அவை பேசுபவரின் நிலையைக் கொண்டே பொருள் பெறும். இடைமைச் சுட்டு யாழ்ப்பாண வழக்கில் இன்றும் உயிரோடு உள்ளது. யுனிக்ஸின் ஒற்றைப்புள்ளி ‘இவ்விடம்’. இரட்டைப்புள்ளி ‘இதன் மேலிடம்’. வேரிலிருந்து தொடங்கும் பாதை எவர் சொன்னாலும் ஒரே பொருள் தரும் இயற்பெயர். புள்ளிகளால் தொடங்குவது சொல்பவரைப் பொறுத்த சுட்டுப்பெயர். முன்னது நீளமானது, உறுதியானது. பின்னது குறுகியது, இடம் மாறினால் பொருளும் மாறும்.

4. மூன்று வகை நினைவு

விரைவு வழிகள் பலவாயினும் அவற்றின் அடிப்படை மூன்றே: மனிதர் தாமே குறித்து வைப்பது, அண்மையில் நின்ற இடத்தை நினைப்பது, பயன்பாட்டை எண்ணிக் கணிப்பது.

முதல்வகைக்குப் பழைய அடையாளம் ~ என்னும் அலைக்குறி. பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல்லில் அது பயனரின் இல்ல அடைவைக் குறித்தது. அக்காலத்தில் பரவலாக இருந்த ஏ.டி.எம்.-3ஏ முனையத்தின் விசைப்பலகையில் அலைக்குறியும் ‘ஹோம்’ என்னும் சொல்லும் ஒரே விசையில் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு விசையின் மேற்பரப்பில் நேர்ந்த அண்மையே இன்று உலகெங்கும் வழங்கும் குறியீட்டுக்கு வழிவகுத்தது. அடிக்கடி தேடும் தாயடைவுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வைக்கும் ‘சிடிபாத்’ வசதியும் இவ்வகையதே. மைக்ரோசாப்ட் டாஸ் 1983-இல் தன் இரண்டாம் பதிப்பில்தான் உள்ளடைவுகளைப் பெற்றது. சாய்கோட்டுக்கு அங்கே வேறு பணி இருந்ததால் பின்சாய்கோடு பாதைக்குறி ஆயிற்று. பின்னர், நீண்ட பாதை ஒன்றுக்கு ஓரெழுத்து இயக்கிப்பெயர் சூட்டும் ‘சப்ஸ்ட்’ கட்டளையும் அதில் இடம்பெற்றது.

இரண்டாம் வகையின் பிறப்பிடம் ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க். பனிப்போர்க் காலத்தில் கிழக்கும் மேற்கும் சேர்ந்து நடத்திய பன்னாட்டு ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ.-வில் பணியாற்றிய ஜே. இ. கல்ப் சி ஷெல்லுக்கு அடைவு அடுக்கு என்னும் வசதியை முதலில் செய்து சேர்த்தார். ‘புஷ்டி’ கட்டளை நிற்கும் இடத்தை அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் புதிய இடத்திற்குச் செல்லும். ‘பாப்டி’ மேலிருந்ததை எடுத்து அங்கே திரும்பச் செய்யும். வாக்கியத்தினுள் வாக்கியம் செருகி, உட்பொதிந்ததை முடித்தபின் வெளிவாக்கியத்திற்குத் திரும்பும் தொடரியல் அமைப்பு இதற்கு நிகர். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் சென்றால் வாசகர் தடுமாறுவது போலவே அடுக்கைப் பயன்படுத்துவோரும் தடுமாறுகின்றனர். எனவே, கடைசியாக நின்ற ஓரிடத்தை மட்டும் நினைவிற்கொள்ளும் ‘சிடி -’ என்னும் எளிய வடிவமே பெருவழக்காயிற்று.

மூன்றாம் வகை காலத்தால் பிந்தியது. 2008-இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவி, முகவரிப் பட்டையில் எதை முதலில் காட்டுவது என்பதற்கு ஒரு பக்கத்தை எத்தனை முறை பார்த்தோம், எவ்வளவு அண்மையில் பார்த்தோம் என்னும் இரண்டையும் சேர்த்து மதிப்பிட்டது. இக்கலப்பு அளவைக்கு ஆங்கிலத்தில் ‘ஃப்ரீக்வன்சி’, ‘ரீசன்சி’ என்னும் இரு சொற்களைப் பிணைத்து ‘ஃப்ரீசன்சி’ என்று பெயர் வழங்கலாயிற்று. ஆட்டோஜம்ப், இசட், அண்மைக்காலத்து சாக்சைடு ஆகிய கருவிகள் இதே நெறியை அடைவுகளுக்குப் பொருத்தின. பயனர் செல்லும் இடங்களை அவை அமைதியாக எண்ணிக்கொண்டிருக்கும். பின்னர் பெயரின் ஒரு துண்டைத் தட்டினாலே மிக்க மதிப்புள்ள அடைவுக்குக் கொண்டுசெல்லும். ஜிஃப் கண்ட போக்கு இங்கே கருவியின் விதியாகவே எழுதப்பட்டுவிட்டது.

5. உரைதிருத்திக்குள்

உரைதிருத்தியில் சிக்கல் சற்று வேறு வடிவம் கொள்கிறது. ஷெல்லில் நாம் ஓரிடத்தில் நிற்கிறோம். உரைதிருத்தியிலோ ஒரே நேரத்தில் பல கோப்புகள் பல இடங்களிலிருந்து திறந்திருக்கின்றன. அங்கே ‘இவ்விடம்’ எது?

ஈமாக்ஸ் 1976-இல் எம்.ஐ.டி.-யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் தோன்றியது. க்னூ ஈமாக்ஸ் 1985-இல் வெளிவந்தது. அதன் விடை: ஒவ்வோர் உரைக்கும் அதனதன் இடம். சொல்லடைவுக் கோப்பில் இருந்துகொண்டு புதிய கோப்பைத் திறக்க முற்பட்டால் சொல்லடைவின் அடைவிலிருந்து தேடல் தொடங்கும். இயலுக்கு மாறினால் இயலின் அடைவிலிருந்து தொடங்கும். விம் 1991-இல் வெளிவந்தது. அதன் இயல்பான விடை: முழு அமர்வுக்கும் ஓரிடம். வேண்டுவோர் சாளரத்திற்கு ஓரிடம் அமைத்துக்கொள்ளலாம், அல்லது கோப்பு மாறும்போதெல்லாம் இடமும் மாறுமாறு செய்யலாம். 2015-இல் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கோட் மூன்றாவது விடையைப் பெருவழக்காக்கியது: திறந்த கோப்புறையே உலகம், அதற்குள் எந்தக் கோப்பையும் பெயரின் துண்டைத் தட்டியே எட்டலாம். முதல் விடை சுட்டுப்பொருளை உரையோடும், இரண்டாவது பயனரோடும், மூன்றாவது பணித்திட்டத்தோடும் பிணைக்கின்றன. மாணவர்கள் உரைதிருத்தி மாறும்போது அடையும் குழப்பத்தில் பெரும்பகுதி இவ்வேறுபாட்டிலிருந்தே எழுகிறது.

தாவுவதற்கான குறிகளும் உண்டு. ஈமாக்ஸில் அடைவு ஒன்றுக்கு நூற்குறி வைத்துப் பெயரிடலாம். பதிவேடு என்னும் வசதியால் ஒரு கோப்பையோ அடைவையோ ஒற்றை எழுத்தில் அடக்கலாம். விம்மில் பேரெழுத்துக் குறிகள் அமர்வு முடிந்தபின்னும் நிலைத்திருக்கும்; அதன் அடைவுப் பார்வையில் நூற்குறியும் வைக்கலாம். இவற்றை அமைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் ஆய்வாளர் தம் பணியில் எந்த ஐந்து இடங்கள் மையமானவை என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நூற்குறிப் பட்டியல் ஒருவகையில் ஆய்வின் பொருளடக்கம்.

எண்ணிக்கையால் இயங்கும் கருவிக்கு இம்முடிவு தேவையில்லை என்பது அதன் வசதி. அதன் குறையும் அதுவே. இயல் எழுதும் மாதங்களில் மேற்கோள் பட்டியலும் வரைவும் மேலெழும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளின் மதிப்பு நாளடைவில் தேய்ந்து பட்டியலிலிருந்தே நீங்கிவிடும். அருஞ்சொல் அரிதாக வருவதனாலேயே அகராதிக்கு இன்றியமையாதது என்பதை நாம் அறிவோம். தரவுக்கும் அது பொருந்தும்.

6. தமிழ்ப்பெயர் படும் பாடு

இனி நம் வீட்டுச் சிக்கல். டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்து என்பதே எல்லை. தமிழ்ப்பெயருக்கு அங்கே இடமில்லை. யுனிகோடின் முதற்பதிப்பு 1991-இல் தமிழை உள்ளடக்கியது. இன்று கோப்புறைக்குத் தமிழில் பெயரிடத் தடையில்லை. மூன்று இடர்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

ஒன்று, நீளம். ‘நற்றிணை’ என்பதில் நம் எண்ணிக்கையில் எழுத்து நான்கு. யுனிகோடில் ஏழு குறிகள். யு.டி.எஃப்.-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டாக 21 பைட்டுகள். லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டு எல்லை. அதாவது தமிழுக்கு 85 குறிகள். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைப்போர் இவ்வெல்லையில் முட்டிக்கொள்வது இயல்பு.

இரண்டு, ஒரே தோற்றமுடைய இரு பெயர்கள். ‘சொல்லடைவு’ என்பதில் ஒகர உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, ஆகாரக்கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யுனிகோடு இவ்விரண்டையும் சமமெனக் கொள்கிறது. லினக்ஸின் கோப்பு முறைமையோ பொதுவாகப் பைட்டுகளை மட்டுமே நோக்கும். ஆகவே ‘சொல்லடைவு’ என்னும் பெயரில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இரண்டு அடைவுகள் அருகருகே இருக்க முடியும். பழைய டிஸ்கி கோப்புகளைச் சரிவர இணைக்காத மாற்றுநிரலால் மாற்றும்போதும், பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்த பழைய மாக் கணினிகளிலிருந்து படியெடுக்கும்போதும் இது நேரக்கூடும். நூற்குறி ஒன்றைச் சுட்டும், ஆய்வாளர் மற்றொன்றில் எழுதிக்கொண்டிருப்பார்.

மூன்று, எழுத்துப்பெயர்ப்பு. விசைப்பலகையை மாற்றித் தட்டும் தொல்லைக்கு அஞ்சிப் பெரும்பாலோர் உரோமன் எழுத்தில் பெயர் வைக்கின்றனர். நற்றிணையின் றகரத்தை ஒருவர் டி-ஆர் என்றும், ஒருவர் இரட்டை ஆர் என்றும், ஒருவர் இரட்டை டி-யோடும் எழுதுவர். ஒரே ஆய்வாளரே வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறாக எழுதுவதும் உண்டு. பெயரின் துண்டைக் கொண்டு தாவும் கருவிக்கு இவை மூன்றும் மூன்று ஊர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளுக்கு வரிசை எண்களையே கோப்புப் பெயராக்கியது. பொருளற்ற எண் நினைவிற்கு உதவாது என்று மேலே சொன்னேன். ஆனால் அதற்கு எழுத்துக்கூட்டு வேறுபாடும் இல்லை. நிலைத்த எண்ணும் அதன்மேல் ஒரு பட்டியலும் என்னும் அந்த இணைப்பு இன்றும் பின்பற்றத் தக்கது.

7. குழூஉக்குறி

நன்னூல் தகுதி வழக்கில் குழூஉக்குறியை வைக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் பெயர் அது. நம் நூற்குறிகளும் ஓரெழுத்துப் பதிவேடுகளும் மரூஉவாகத் தொடங்கி விரைவிலேயே குழூஉக்குறி ஆகிவிடுகின்றன. அக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவரே. அவருடைய கணினியில் அவை வேலை செய்யும். அவர் எழுதிய நிரலை மற்றொருவர் தம் கணினியில் ஓட்டினால் பாதை கிடைக்காது. ஆய்வேட்டை முடித்து அவர் வேறூர் சென்றபின் எஞ்சுவது வன்தட்டும், அதனுள் ‘புதியது’, ‘புதியது2’, ‘இறுதி’, ‘இறுதி_உண்மை’ என்னும் கோப்புறைகளுமே. எது எங்கே உள்ளது என்னும் அறிவு அவர் விரல்களோடு சென்றுவிடுகிறது.

மும்பைத் தமிழ் குறித்த தரவுகளுக்கு இது வெறும் வசதிக்குறைவன்று. தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூரிலும் சுனாபட்டியிலும் வாழும் தமிழரின் பேச்சு, மராத்தியோடும் இந்தியோடும் தலைமுறைகளாக உறவாடிய வழக்கு. மறுசீரமைப்புத் திட்டங்களால் சந்துகளும் சால்களும் மாறும்போது அண்டை அயல் கலையும். அண்டை அயலோடு அவ்வழக்கும் கலையும். அவ்வாறு கலைந்த பின்னர் ஓர் ஒலிப்பதிவு எந்தச் சந்தில், எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதற்குக் கோப்புறையின் பாதையே ஒரே சான்றாக நிற்கலாம். வேகத்திற்காகப் பாதையைக் குறுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் கொட்டிவைப்பவர் அச்சான்றை அழிக்கிறார்.

பெயரை மாற்றாமலும் வேகம் பெறலாம். விக்டோரியா டெர்மினஸ் 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017-இல் ‘மகாராஜ்’ சேர்ந்தது. ‘வி.டி.’ என்று சொல்லி வண்டி ஏறுபவர் இன்றும் அங்கேதான் இறங்குகிறார். 1983-இல் வெளிவந்த பெர்க்லி யுனிக்ஸ் 4.2 குறியீட்டு இணைப்பு என்னும் வசதியைத் தந்தது. அதன்வழி முழுப்பாதை அப்படியே இருக்க, குறுகிய பெயர் ஒன்றும் அதே இடத்திற்கு வழிகாட்டும். மின்னஞ்சல் வரலாற்றிலும் இதைக் காணலாம். 1980-களின் பிற்பகுதியில் எர்னெட் வலையமைப்பு மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தையும் பிற நிறுவனங்களையும் இணைத்த காலத்தில், யு.யு.சி.பி. முறை முகவரி ஒன்று மடல் கடக்க வேண்டிய கணினிகள் அனைத்தையும் ஆச்சரியக்குறியிட்டு வரிசைப்படுத்தும் பாதையாக இருந்தது. அனுப்புபவர் இடம் மாறினால் முகவரியும் மாறும். களப்பெயர் முறை அந்தப் பாதையை மறைத்து எங்கிருந்தும் பொருள் மாறாத பெயரைத் தந்தது. அது தனியொருவரின் குறுக்குவழியாக நின்றுவிடவில்லை. பொதுவான ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டது.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு நான்கு பரிந்துரைகள்.

முதலாவது, கோப்புறை மரத்தை வகைப்பாட்டுக்காக அமையுங்கள், வேகத்திற்காக அன்று. இடம், ஆண்டு, தரவுவகை என்னும் வரிசை எதுவாயினும் இறுதிவரை மாறாதிருக்கட்டும்.

இரண்டாவது, வேகத்தை மரத்திற்கு வெளியே வையுங்கள். நாள்தோறும் செல்லும் ஐந்தாறு இடங்களுக்கு நூற்குறி அல்லது குறியீட்டு இணைப்பு. மற்றவற்றுக்கு எண்ணிக்கைக் கருவி. அக்கருவி மறப்பவற்றை மாதம் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

மூன்றாவது, ஓர் எழுத்துப்பெயர்ப்பு முறையைத் தேர்ந்து அதையே பின்பற்றுங்கள். தமிழிலேயே பெயரிட்டால் உயிர்க்குறிகள் இணைந்த வடிவில் உள்ளனவா என்று சரிபாருங்கள்.

நான்காவது, உங்கள் குறுக்குவழிகள் அனைத்தையும் அவற்றின் முழுப்பாதையோடு ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி, மரத்தின் உச்சியில் வையுங்கள். நிகண்டு ஒன்றை உடன் வைத்தால் குழூஉக்குறி பிறர்க்கும் விளங்கும். அதை எழுத அரைமணி நேரம் ஆகும்.

நெறியாளர்கள் ஆய்வேட்டோடு அந்த ஓர் உரைக்கோப்பையும் கேட்டுப் பெறும் வழக்கம் நம் துறைகளில் உருவாக வேண்டும் என்பது என் வேண்டுகோள். வேறு துறையினர் தம் தரவுகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றனர் என்பதைக் கீழே எழுதினால் மாணவர்கள் அனைவர்க்கும் பயன்படும்.